கதிரவனின் காந்த வரைபடம்

பழங்காலக் கடல் வரைபடங்களில் கண்ட கரை கணக்கோடு இருக்கும். காணாத கரையைக் கற்பனை நிரப்பியிருக்கும். கதிரவனின் காந்த வரைபடமும் அவ்வாறே வளர்ந்தது.

காந்தப் புலத்தில் பிறக்கும் ஒளியின் நிறமாலைக் கோடுகள் பிளவுபடும் என்பதை 1896இல் டச்சு அறிஞர் பீட்டர் சீமன் கண்டறிந்தார். 1908இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாராய்ச்சி நிலையத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல் அதே பிளவைக் கரும்புள்ளிகளில் கண்டார். அப்புள்ளிகள் பூமியினும் ஆயிரக்கணக்கான மடங்கு வலிய காந்தக் களங்கள் என்பது அன்று தெளிவாயிற்று. 1950களில் பாப்காக் எனும் தந்தையும் மகனும் கதிரவனின் முகம் முழுவதையும் அளக்கும் கருவியை அமைத்தனர்.

எனினும் நாம் காண்பது ஒரு பக்கமே. கதிரவன் நம் பார்வையில் ஒரு முறை சுழல ஏறத்தாழ 27 நாட்களாகும். நாள்தோறும் எடுத்த கீற்றுகளை ஒட்டி முழு வரைபடம் ஆக்கினால், கடைசிக் கீற்று சேரும்போது முதற் கீற்று பழையதாகிவிடும். துருவங்களோ நம் கண்ணுக்குச் சாய்வாகவே தெரிகின்றன.

1995இல் ஏவப்பட்ட சோஹோ பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, இரவும் மேகமும் தடுக்காமல் அளந்தது. 2010இல் சென்ற எஸ்.டி.ஓ. அதனினும் நுட்பமாக அளந்தது. ஆயினும் இரண்டும் நம் திசையிலிருந்தே நோக்கின. அத்திசையை விட்டு விலகி அளக்கும் கருவியை 2020இல் புறப்பட்ட சோலார் ஆர்பிட்டர் சுமந்து சென்றது. 2025 மார்ச்சில் அது கதிரவனின் நடுக்கோட்டுக்கு 17 பாகை தெற்கே சென்று தென்துருவத்தை நோக்கியது. அங்கே இருவகைக் காந்த முனைகளும் கலந்து கிடந்தன.

இது வெறும் அறிவுப் பசிக்கான தேடலன்று. 1989 மார்ச்சில் கதிரவனில் எழுந்த காந்தப் புயல் கனடாவின் கியூபெக் மாநிலத்தை ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. ஏறத்தாழ 60 லட்சம் மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். அத்தகைய புயல்கள் மிகுந்தெழும் அடுத்த சுழற்சியின் வலிமையைத் துருவக் காந்தமே முன்னுணர்த்துகிறது. அத்துருவத்தையே நாம் நெடுங்காலம் ஊகத்தால் நிரப்பியிருந்தோம்.

ஊகம் எது, அளவை எது எனப் பிரித்தறிவதே வரைபடத்தின் நேர்மை. அந்நேர்மைக்காகவே மனிதன் தன் கருவியை அவ்வளவு தொலைவுக்கு அனுப்பினான்.