ஓவிய ஆசிரியரும் கரிசல் மண்ணின் கலை வரலாறும்

பத்தாண்டு நிறைவு மலர் என்றால் கவிதைகளும் வாழ்த்துரைகளும் அணிவகுத்து நிற்பது மரபு. அவற்றினிடையே ஓவிய ஆசிரியர் சான்றிதழைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு. சொல்லால் வரைபவர் கவிஞர். கோட்டால் எழுதுபவர் ஓவியர். ‘எழுதுதல்’ என்னும் ஒரே வினையை இருவருக்கும் வழங்கிய மொழி நம் மொழி. அவ்விருவருள் ஒருவர் பள்ளிக்கூடத்தில் எவ்வாறு உருவாகிறார், எதைக் கற்றுத் தேர்ச்சி பெறுகிறார், எதைக் கல்லாமலே சான்றிதழ் பெற்று விடுகிறார் என்பதை மற்றவர் அறிந்திருத்தல் நன்று.

புதியம்புத்தூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஓவிய ஆசிரியராக விரும்புகிறார் என்று கொள்வோம். கலை வரலாறு என்ற தலைப்பில் அவர் அஜந்தாவைப் படிப்பார், எல்லோராவைப் படிப்பார், இத்தாலிய மறுமலர்ச்சியின் லியொனார்தோவையும் மைக்கலாஞ்சலோவையும் படிப்பார். அவருடைய மாவட்டத்திலேயே நிற்கும் கழுகுமலையும், அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் கோவில்பட்டி நாட்காட்டிப் படமும் அவருக்குப் பாடமாக வருவது அரிது. இந்த இடைவெளி எப்படித் தோன்றியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இலண்டனிலிருந்து வந்த பாடம்

1851ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்குப் பின், ஆங்கிலேய அரசு ஓவியக் கல்வியைத் தொழில் வளர்ச்சிக்கு உதவும் கருவியாகக் கருதத் தொடங்கியது. ஹென்றி கோல் என்பவரின் மேற்பார்வையில், சவுத் கென்சிங்டன் முறை எனப் பின்னாளில் பெயர் பெற்ற பாடத்திட்டம் உருவாயிற்று. கோடு வரைவதில் தொடங்கி அலங்கார வடிவமைப்பில் முடியும் 23 படிநிலைகள் அதில் இருந்தன. அச்சிட்ட மாதிரியைப் பிசகாமல் பார்த்து வரைதலே அதன் அடித்தளம். ஓவிய ஆசிரியருக்குப் பயிற்சி தந்து, தேர்வு வைத்துச் சான்றளிக்கும் வழக்கமும் அம்முறையோடு வேரூன்றியது.

சென்னையில் அதற்கு முன்பே ஒரு விதை விழுந்திருந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850ஆம் ஆண்டில் தம் சொந்த முயற்சியால் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதனை அரசு ஏற்றுக்கொண்டது. அதுவே இன்று எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம். 1884ஆம் ஆண்டில் அதன் பொறுப்பேற்ற ஈ. பி. ஹாவெல், தென்னாட்டுக் கைவினைகளை ஊர் ஊராகக் கண்டறிந்து, இந்தியக் கலைக்கு அதற்கே உரிய நெறி உண்டு என்று வாதிடும் நிலைக்கு உயர்ந்தார். 1929ஆம் ஆண்டில் அப்பள்ளியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. அவருக்குப் பின் வந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966ஆம் ஆண்டில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானார்.

கல்லூரி இவ்வாறு காலத்தோடு மாறியது. பள்ளி ஓவிய ஆசிரியருக்கான தேர்வோ பழைய தடத்திலேயே நெடுங்காலம் நடந்தது. மக்கள் வழக்கில் ‘லோயர்’, ‘ஹையர்’ எனப்படும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளை நம்மில் பலர் அறிவோம். ‘ஃபிரீஹேண்ட்’ தாளில், தந்த மாதிரியின் நடுவே ஒரு செங்குத்துக் கோட்டை இழுத்து, ஒரு பக்கத்து வளைவை மறுபக்கத்தில் இம்மியும் பிசகாமல் கொண்டுவர வேண்டும். ‘மாடல்’ தாளில் கனசதுரமும் உருளையும் கூம்பும் கண்ணுக்குத் தெரியும்படி வரையப்பட வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் இவை நல்ல பயிற்சி என்பதில் ஐயமில்லை. இதன்மேல், கோடைக்காலத்தில் 42 நாள் நடைபெறும் தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியும் சேர்ந்தால் பள்ளி ஓவிய ஆசிரியர் உருவாகிவிடுவார். எதற்காக வரைகிறோம், நமக்கு முன் இம்மண்ணில் யார் வரைந்தார்கள் என்னும் கேள்விகள் அந்தப் பயிற்சியின் ஓரத்திலேயே நின்றுவிட்டன.

கல்லில் நிற்கும் ஆசிரியர் பெயர்கள்

இனி நம் பக்கம் திரும்புவோம். கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் இருக்கிறது. மலையைக் குடைந்து குகையாக்குவது ஒரு முறை. மலையைச் சுற்றிலும் அகழ்ந்து, நடுவே எஞ்சிய ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி விமானமாக்குவது மற்றொரு முறை. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலில் கையாளப்பட்ட இந்த இரண்டாம் முறையே இங்கும் கையாளப்பட்டிருக்கிறது. சிகரம் நிறைவெய்தியது, அடிப்பகுதி முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறாததனாலேயே அது கலை மாணவனுக்குக் கிடைத்த பெரும்பேறு. உளி எங்கே தொடங்கியது, எங்கே நின்றது, திரட்டு வடிவத்திலிருந்து நுட்ப வடிவத்துக்குச் சிற்பி எவ்வாறு இறங்கி வந்தான் என்பதைக் கல்லே அவனுக்குக் காட்டுகிறது. நிறைவடைந்த கோயில் எதுவும் இப்பாடத்தை நடத்தாது.

அதன் விமானத்தில் தென்முகமாக அமர்ந்த தட்சிணாமூர்த்தி, மிருதங்கம் வாசிக்கும் கோலத்தில் இருக்கிறார். ஆசிரியக் கடவுளின் கையில் சுவடிக்குப் பதில் தாளக்கருவியைத் தந்த சிற்பியின் துணிவை எண்ணிப் பாருங்கள். ஓவியக் கருத்துகளுள் ‘லயம்’ என்ற ஒன்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்பவர், அதன் பொருளை இங்கே ஒரு நொடியில் கண்டுகொள்ளலாம்.

அதே மலையின் மற்றொரு பக்கத்தில் சமணப் படிமங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை ஆகியோரின் உருவங்கள் அவற்றுள் சிறப்பானவை. படிமங்களின் கீழே வட்டெழுத்தில் ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் குரவர், குரத்தியர், மாணாக்கர் என்பன. கற்பித்தவர் நினைவாகக் கற்றவர் செய்வித்த படிமங்கள் இவற்றுள் உண்டு. குரத்தியர் என்போர் பெண் ஆசிரியர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், இந்தக் கரிசல் சீமையில், பெண்ணொருத்தி ஆசிரியராக இருந்து, படிமம் செய்விக்கும் நிலையிலும் இருந்தாள் என்பதற்கு இக்கல்வெட்டுகள் சான்று.

சித்தன்னவாசலில் இதற்கு இணையான செய்தி ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அங்குள்ள அறிவர் கோயிலைப் புதுப்பித்தவர் பெயரை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. அவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். தாமரைக் குளமும் அன்னமும் மீனும் தீட்டப்பெற்ற புகழ்பெற்ற மண்டபத்தின் வரலாற்றில் நாம் சந்திக்கும் பெயர் ஓர் ஆசிரியரின் பெயர். கலையும் கற்பித்தலும் தமிழகத்தில் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டவை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

கோவில்பட்டி தந்த வண்ணம்

பழங்காலப் பெருமையோடு நம் வரலாறு நின்றுவிடவில்லை. சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். பின்னர் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதும் ஓவியராக ஊர் ஊராகச் சென்று, 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அருகில் இருந்த சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிப் படங்களுக்கு ஓவியர்களை வேண்டி நின்ற காலம் அது. அவரும் டி. எஸ். சுப்பையா முதலான அவருடைய மாணவர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் அச்சேறித் தமிழகத்து வீடுகளையும் கடைகளையும் நிறைத்தன.

அப்படங்களைக் கலை வரலாற்றுக் கண்ணால் நோக்கினால் மூன்று ஓடைகள் ஒன்று கலப்பதைக் காணலாம். உடலின் திரட்சியையும் ஒளி நிழலையும் காட்டும் திறம் ஓவியப் பள்ளி தந்தது. பின்னணியில் மண்டபமும் தூணும் மலையும் அடுக்கடுக்காக விலகிச் செல்லும் அமைப்பு நாடக மேடை தந்தது. தெய்வத்தின் கை முத்திரையும் ஆயுதமும் இருக்கையும் கோயில் மரபு தந்தவை. இரவிவர்மா (1848–1906) அச்சுப் படத்தின் மூலம் வடக்கிலும் தெற்கிலும் பரப்பிய முறைக்குக் கரிசல் நிலத்து ஓவியர்கள் தம் வழியில் தமிழ் முகம் கொடுத்தார்கள். கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் இவர்களைத் தேடி வந்து ஆராய்ந்து எழுதினார். நாமோ ஆண்டு முடிந்ததும் அந்தப் படத்தைக் கழற்றி விடுகிறோம்.

இங்கே ஆசிரியப் பயிற்சிக்கு ஒரு பாடம் இருக்கிறது. கொண்டையராஜு தம் மாணவர்களுக்குச் சான்றிதழ் எதுவும் வழங்கவில்லை. உடனிருந்து, குருவின் படத்தில் ஒரு பகுதியை வரைந்து, பிறகு முழுப்படத்துக்கு உயர்ந்து அவர்கள் கற்றார்கள். இந்த முறைக்கும் குறை உண்டு. குருவின் சாயலிலிருந்து விலகுவது எளிதன்று. அரசுத் தேர்வு முறைக்கும் சிறப்பு உண்டு. குரு ஒருவரின் தயவின்றி யாரும், எக்குலத்தவரும், எழுதித் தேறலாம். ஆகவே ஒன்றை ஒழித்து ஒன்றைக் கொள்க என்று நான் சொல்ல வரவில்லை. தேர்வு எழுதும் மாணவனின் பாடத்தில் கோவில்பட்டிக்கும் ஓரிடம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கருத்துகளுக்குத் தமிழ்ப் பெயர்

காட்சிக்கலைக் கருத்துகள் என்று பாடநூல்கள் தொகுத்துத் தருபவை கோடு, வடிவம், வண்ணம், வெளி, சமநிலை, லயம் போன்றவை. இந்திய மரபில் ‘ஷடங்கம்’ என ஆறு உறுப்புகள் சொல்லப்பட்டன. உருவ வேறுபாடு, அளவு, பாவம், எழில், ஒப்புமை, வண்ணத் திறம் என அவற்றைத் தமிழில் சொல்லலாம். காமசூத்திர உரையாசிரியர் யசோதரர் தந்த இப்பட்டியலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவனீந்திரநாத் தாகூர் விளக்கி எழுதி மறுவாழ்வு தந்தார்.

தமிழிலும் சொல் வளம் குறைவில்லை. வண்ணம் தீட்டாத கோட்டோவியத்துக்குப் ‘புனையா ஓவியம்’ என்று பெயர். கணவனைப் பிரிந்து அணிகலன் களைந்த அரசிக்கு அதை உவமையாக்கியது நெடுநல்வாடை. தேர்வுத்தாள் ‘அவுட்லைன்’ என்று கேட்பதற்கு இரண்டாயிரம் ஆண்டு முந்திய தமிழ்ப் பெயர் இது. ஓவியர்க்கு மதுரைக்காஞ்சி தரும் பெயர் ‘கண்ணுள் வினைஞர்’. பார்ப்பவர் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துபவர் என்று நச்சினார்க்கினியர் அதற்கு உரை காண்கிறார். ஓவியம் சுவரிலோ துணியிலோ முடிவதில்லை, காண்பவன் கண்ணிலேதான் நிறைவடைகிறது என்னும் கருத்தை ஒரு பெயருக்குள் அடக்கியவர்கள் நம் முன்னோர்.

நம் ஊர்த் தொழிலும் இதற்குத் துணை நிற்கும். புதியம்புத்தூர் ஆயத்த ஆடைக்குப் பேர் பெற்ற ஊர். கட்டிங் மாஸ்டர் மேசையில் துணியை விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போடுகையில், இருபக்கச் சீர்மையும் அளவு விகிதமும் அங்கே செயற்படுகின்றன. தட்டையான துணி எவ்வாறு திரண்ட உடலைத் தழுவும் என்று அவர் முன்கூட்டியே காண்கிறார். தொழிலாசிரியர் சான்றிதழில் ஓவியமும் தையலும் உடன்பிறப்புகளாக இருப்பது பொருத்தமே. இம்மேசையிலிருந்து தொடங்கும் ஓவியப் பாடம் நம் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.

இன்றைய நிலையும் நம் கடமையும்

கலைக் கல்வியைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பரிந்துரைத்தது. நடைமுறை வேறாக இருந்தது. 2012ஆம் ஆண்டில் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாத ஊதியம் 5,000 ரூபாய். 2017ஆம் ஆண்டில் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி சிறப்பாசிரியர்களுக்கெனப் போட்டித் தேர்வும் நடந்தது. ஒரு விடையைத் தேர்ந்து குறியிடும் அத்தகைய தேர்வுக்குக் கலை வரலாறு என்பது ஆண்டும் பெயரும் கொண்ட பட்டியலாகச் சுருங்கிவிடுவது இயல்பு. வேலை வேண்டி இரவெல்லாம் படிக்கும் இளைஞரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவருக்குப் பட்டியலைத் தவிர வேறெதையும் நாம் தரவில்லை.

நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் மூன்று பணிகளை ஏற்கலாம். ஓவிய ஆசிரியர் தேர்வுக்கு அணியமாகும் இளைஞர்களை ஆண்டுக்கு ஒருமுறை கழுகுமலைக்கு அழைத்துச் சென்று, கையில் தாளும் பென்சிலும் தந்து அமரச் செய்வது முதற்பணி. வீடுகளிலும் கடைகளிலும் எஞ்சியிருக்கும் பழைய கோவில்பட்டி நாட்காட்டிப் படங்களைத் திரட்டிப் பாதுகாப்பது இரண்டாவது. சங்க நூல்களிலும் உரைகளிலும் சிதறிக் கிடக்கும் ஓவியக் கலைச்சொற்களைத் தொகுத்து, தேர்வு எழுதுவோர் பயன்படுத்தத்தக்க சிறு நூலாக்குவது மூன்றாவது. இதனைக் கவிஞர்களே செம்மையாகச் செய்ய முடியும்.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டையின் சுவர் ஓவியங்களை நம் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவில் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவ்வேளையில் அருகில் நின்று, ‘இந்த வீரனின் குதிரை ஏன் உன்னை நோக்கிப் பாய்வது போல் தோன்றுகிறது?’ என்று கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும். அவர் கையில் சான்றிதழும் இருக்கட்டும். கண்ணுக்குள் கழுகுமலையும் இருக்கட்டும்.