உணர்ச்சி எழுச்சியும் பாலியல் நலத் தீர்மானமும்

காம வேட்கை மேலிட்ட வேளையில், அமைதியான மனத்துடன் ஒருவர் முன்னரே செய்துகொண்ட சங்கற்பம் தளர்ந்து, ஆணுறை முதலிய பாதுகாப்பைக் கைவிடத் துணியும் மனோநிலையை இத்தலைப்பு குறிக்கும். டான் ஏரியலி, ஜார்ஜ் லோவன்ஸ்டீன் ஆகிய ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழக மாணவரிடம் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கட்டுரை, கிளர்ச்சியுற்ற நிலையில் பாதுகாப்புக் குறித்த விவேகம் குன்றுவதையும், அமைதியாய் இருக்கையில் அதனை முன்கூட்டி ஊகிக்க இயலாமையையும் எடுத்துக்காட்டிற்று. அச்சமும் நாணமுமோ, மறுபுறம் நின்று, பாலியல் நோய்ப் பரிசோதனைக்குச் செல்லவிடாமல் தடுக்கின்றன.

கனடாவின் மொன்றியல் நகரம் பாலியல் நலத்துறையில் சிறப்பிடம் பெற்றது. 1969-இல் தோன்றிய, மொன்றியலிலுள்ள கியூபெக் பல்கலைக்கழகம் பாலியலுக்கெனத் தனித்துறை கொண்டுள்ளது. சர்வதேச எய்ட்ஸ் மாநாடு 1989-லும் 2022-லும் இந்நகரில் கூடிற்று. வேட்கை எழுமுன்னரே தெளிந்த சித்தத்துடன் உட்கொள்ளத் தொடங்கும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்குக் கனடா 2016-இல் அனுமதி அளித்தது. எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து நேர்ந்தபின் 72 மணி நேரத்திற்குள் தொடங்கவேண்டிய தடுப்பு மருந்தும் உண்டு. கணநேர மயக்கம் மனித இயல்பாதலின், நிந்தனையன்று, முன்னேற்பாடும் கருணையுமே உயிர்காக்கும் உபாயங்களாம்.