ஸகாலோவின் 19 கோல்களும் 6 கோல்களும்

அணி கோல்களைக் குவித்தால் பயிற்றுவிப்பாளரைத் தலையில் தூக்கி வைக்கிறோம். கோல் வற்றினால் முதலில் அவரைத்தான் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறோம். பிரேஸிலின் மரியோ ஸகாலோ இந்தக் கணக்குக்குள் அடங்கமாட்டார்.

1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அவரது அணி 6 ஆட்டங்களில் 19 கோல்கள் அடித்துக் கிண்ணத்தை வென்றது. ஆனால் அவர் பொறுப்பேற்றதே அந்த ஆண்டு மார்ச்சில்தான். அதற்கு முந்திய பயிற்றுவிப்பாளர் ஜோவாவோ சல்தான்யாவின் கீழ், 1969 தகுதிகாண் சுற்றிலேயே பிரேஸில் 6 ஆட்டங்களையும் வென்று 23 கோல்கள் அடித்திருந்தது. அதில் 11 வெனிசுவேலாவுக்கு எதிராக என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். செக்கோஸ்லோவாக்கியாவும் இத்தாலியும் அப்படிப்பட்ட அணிகளல்ல.

அப்படியென்றால் ஸகாலோ ஆயத்தச் சோற்றில் கை வைத்தவரா? இல்லை. ரிவெலினோவை இடப்பக்கம் நிறுத்தினார். நடுக்கள வீரர் பியாசாவைப் பின்வரிசைக்கு இறக்கி, அந்த இடத்தை இளம் க்ளோடோல்டோவுக்குக் கொடுத்தார். பெலே, டொஸ்டாவோ, ஜெர்சன் எல்லோரையும் பதினொரு பேருக்குள் பொருத்துவது, நமது பார்வையில், லேசான காரியமல்ல.

1974இல் மேற்கு ஜெர்மனியிலும் அதே ஸகாலோதான். இம்முறை 7 ஆட்டங்களில் வெறும் 6 கோல்கள், அதிலும் 3 ஸயருக்கு எதிராக. பெலே 1971இலேயே தேசிய அணியிலிருந்து விலகியிருந்தார். கண் பாதிப்பால் டொஸ்டாவோ 1973இல் ஓய்வு பெற்றுவிட்டார். ஜெர்சனும் இல்லை. முன்வரிசையில் ஜெயர்சின்யோவும் ரிவெலினோவும்தான் எஞ்சியிருந்தார்கள். அந்த 6 கோல்களில் 5ஐ அடித்தவர்களும் அவர்கள் இருவர்தான்.