அலுமாரிக்குள் அடங்காத கரை

தென் தாய்லாந்தின் சொங்க்லா ஏரிக்குள் கோ யோ என்றொரு தீவு. அதன் மலைச்சரிவில் அந்தப் பகுதி மக்களின் நாட்டார் பண்பாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. மீன்கூடு, கத்தி, கைத்தறித் துணி, தோற்பாவை எல்லாம் அங்கே உண்டு. இலங்கையின் கற்பிட்டிக்காரனான நான் நெடுநேரம் நின்றது தேங்காய்த் திருவலைகளின் முன்னால்தான். முயலாக, வேறு விலங்காக, மனித உருவாகச் செதுக்கிய திருவலைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். தென்னையும் களப்பும் மீனும் எங்களுக்கும் உண்டே, இப்படி ஒரு வீடு இல்லையே என்று பொறாமையாக இருந்தது. ஊர் வந்து யோசித்தபோது அது பாதியாகக் குறைந்தது. எங்களிடம் இருப்பதில் பெரும்பகுதி அலுமாரிக்குள் நிற்காது.

சேகரிக்க ஆளில்லாமல் போனது என்றும் சொல்ல முடியாது. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, புத்தளத்தில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராகவும் மணியகாரராகவும் இருந்துகொண்டே, 1834இல் இலங்கையின் ஊர்கள், ஆறுகள், சாதிகள், வழக்கங்கள் எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கி ‘சிலோன் கெசற்றியர்’ அச்சிட்டார். பரவர் பற்றிய அவருடைய கட்டுரை இலண்டன் ராயல் ஆசியக் கழக இதழில் வந்தது. தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டிய ‘தமிழ் புளூராக்’ 1859இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு இறந்துபோனார். கொழும்பில் நூதனசாலை திறந்தது 1877இல்தான். ஆனால் அவர் சேர்த்தது தகவல். பாட்டின் சத்தத்தைத் தாளில் பிடிக்க அவராலும் ஆகாது.

அந்தச் சத்தம் கேட்க சிரம்பியடிக்குப் போகவேண்டும். புத்தளம் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். அங்குள்ள காப்பிலியரின் முன்னோரை ஆபிரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் எல்லோருமே கொண்டுவந்தார்கள். சிலரை அடிமைகளாக, சிலரைச் சிப்பாய்களாக. ஆங்கிலேயரின் இலங்கை ரைபிள் படை 1870களில் கலைக்கப்பட்டபின் பலர் இந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். இன்று வீட்டில் பேசுவது சிங்களம். பாடுவது மட்டும் போர்த்துக்கேயக் கிரியோல்; பாடுகிற இளசுகள் பலருக்கு அதன் பொருள் தெரியாது. மஞ்சா என்பது அந்தப் பாட்டு. சில வரிகளே மெதுவாகத் தொடங்கித் திரும்பத் திரும்ப வரும்; வேகம் ஏறஏறப் பாடுகிறவர்களால் உட்கார்ந்திருக்க முடியாது, எழுந்து ஆடத் தொடங்கிவிடுவார்கள். வாத்தியம் என்ன என்கிறீர்கள்? றபானோடு சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல். கோ யோவின் காவலாளி இவற்றைக் கண்டால் குப்பை என்று பெருக்கித் தள்ளியிருப்பார்.

கடற்கரைக் கிராமமான உடப்பில் கரைவலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாவும் அப்படித்தான். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அழகுக்காகப் பிறந்த பாட்டு அல்ல அது. கயிற்றில் பிடித்த கைகளெல்லாம் ஒரே மூச்சில் இழுக்காவிட்டால் வலை கரைக்கு வராது. உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுக்கத் தொடங்கிய இடங்களில் அம்பாவுக்கு வேலை போய்விட்டது. பாட்டைக் காப்பாற்ற எல்லோரும் கைவலிக்க இழுக்கட்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கயிறு பிடித்த கை என்னுடையதல்ல. உழைப்பு நின்றபிறகு மேடையில் மட்டும் பாடும் அம்பாவை ஒலிப்பதிவு செய்வதில் என்ன மிஞ்சும் என்பதும் சந்தேகந்தான். என்றாலும் பதியவேண்டும்.

ஒருநாள் இங்கே கோ யோவில் கண்டதுபோல ஒரு வீடு எழும்பினால், 1990இல் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களுக்கும் அதில் இடம் வேண்டும். கையில் எடுத்த கொஞ்சத்தோடு வந்தவர்கள். காட்ட அவர்களிடம் பழம்பொருள் குறைவு. மன்னார்ச் சமையலும் யாழ்ப்பாணத்துக் கலியாண முறையும் புத்தளத்து முகாம்களில் அவர்களோடு தொடர்ந்தன. அவர்கள் இந்த ஊரார் அல்லவே என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் இங்கே வந்து சேராதவர் யார்? உடப்பார் தங்கள் முன்னோர் இராமேசுவரப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். காப்பிலியர் வந்த கதையைச் சொன்னேன். காசிச்செட்டியின் செட்டிமாரும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்தான்.