சாலையைப் பார்த்துப் பறந்தவர்கள்

லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். விமான அட்டவணையின்படி ஒன்றேகால் மணி நேரப் பயணம். இவ்விரு எண்களில் முதலாவதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான வரலாறு ஏதுமில்லை. இரண்டாவதற்கு உண்டு.

1919 ஆகஸ்ட் 25 அன்று காலை, லண்டனின் மேற்கே ஹவுன்ஸ்லோ திடலிலிருந்து டி.எச்.4ஏ விமானம் ஒன்று பாரிசின் லெ பூர்ஜே நோக்கிக் கிளம்பிற்று. முதல் உலகப்போரில் குண்டுவீசிய விமானத்தைப் பயணிகளுக்காகத் திருத்தியமைத்த வகை அது. ஏறியவர் ஒரே பயணி, அவரும் பத்திரிகையாளர். கூடவே செய்தித்தாள்கள், பதனிட்ட தோல், டெவன்ஷயர் பாலேடு, வேட்டையாடிய காட்டுக்கோழிகள். பயண நேரம் இரண்டரை மணி. நாடுவிட்டு நாடு செல்லும் அன்றாட விமானச் சேவை அன்று இப்படித்தான் தொடங்கியது.

வானில் அன்று வழி என்று ஒன்று கிடையாது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். விமானிகள் கீழே தெரியும் நெடுஞ்சாலைகளையும் தண்டவாளங்களையும் பார்த்தே பறந்தார்கள். மேகம் இறங்கினால் அவர்களும் இறங்கினார்கள். 1922 ஏப்ரல் 7 அன்று வடக்குப் பிரான்சின் பிக்கார்டிப் பகுதியில் தூறலும் மூடுபனியும். குரோய்டனிலிருந்து தபாலுடன் வந்த ஆங்கிலேய விமானமும், லெ பூர்ஜேயிலிருந்து பயணிகளுடன் கிளம்பிய பிரெஞ்சு விமானமும் ஒரே சாலையைப் பார்த்தபடி, எதிரெதிர்த் திசையில், மிகத் தாழ்வாக வந்துகொண்டிருந்தன. பனிக்குள்ளிருந்து ஒன்றின் முன் மற்றொன்று வெளிப்பட்டபோது விலகுவதற்கு அவகாசமில்லை. எழுவரும் மாண்டனர். அவர்களில் இருவர் தேனிலவுக்கு வந்திருந்த அமெரிக்கத் தம்பதியர். ஒருவன் ஆங்கிலேய விமானத்தின் பணியாளாக வந்த சிறுவன். பயணிகள் விமானங்கள் இரண்டு நடுவானில் மோதிக்கொண்டது அதுவே முதன்முறை. அத்தனை அகன்ற வானத்தில் இரண்டே விமானங்கள் முட்டிக்கொண்டன என்பதை இன்று வாசிக்கையில் நம்மால் நம்ப முடிவதில்லை. ஆனால் அவை பறந்தது வானத்தில் அல்ல, ஒரு சாலையின் மேல்.

விபத்துக்குப் பின் விமான நிறுவனத்தார் குரோய்டனில் கூடினார்கள். வழித்தடத்தில் வலப்புறமாகவே பறக்கவேண்டும், விமானங்களில் வானொலி வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. மாட்டுவண்டிக்கும் உரிய விதி ஒன்று வானத்துக்கு ஏறிய கதை இது. அதே குரோய்டனில், அந்த ஆண்டுகளிலேயே, ஆபத்தில் இருப்பவர் எழுப்பும் ‘மேடே’ என்னும் குரலும் பிறந்தது. குரோய்டனுக்கும் லெ பூர்ஜேக்கும் இடையேதான் போக்குவரத்து மிகுதி. ஆகவே இருதரப்பாருக்கும் விளங்கும் சொல்லாக, ‘எனக்கு உதவுங்கள்’ எனப் பொருள்படும் பிரெஞ்சு ஒலியை வானொலி அதிகாரி மாக்ஃபோர்டு தேர்ந்தார். 1927இல் அது உலகப் பொதுவானது.

பின்னர் வேகம் கூடியது, ஜெட் வந்தது, விவரிக்க அதிகமில்லை. 1994இல் கடலடிச் சுரங்கம் வழியே ரயில் ஓடத் தொடங்கிற்று. 2007இல் இங்கிலாந்துப் பக்கத்து அதிவேகப் பாதை முடிந்தபின், ரயிலில் லண்டன் – பாரிஸ் பயணம் சுமார் இரண்டேகால் மணி நேரமாயிற்று. 1919இன் அந்த ஒற்றைப் பயணி பறந்து சென்றதைவிடக் கால் மணி நேரமே குறைவு.