பசுமை வங்கியும் சுவா சூ காங் கூரைகளும்

பொதுப் பணத்தையோ நன்கொடையையோ மூலதனமாகக் கொண்டு, சூரிய மின்சாரம், மின்சிக்கனம் போன்ற பணிகளுக்குக் கடனும் உத்தரவாதமும் தரும் நிதி அமைப்பே பசுமை வங்கி. மக்களிடம் வைப்புத்தொகை வாங்குவது இதன் வேலையன்று. வணிக வங்கிகள் தயங்கும் இடத்தில் இழப்பின் ஒரு பகுதியைத் தான் ஏற்று அவற்றை உள்ளே அழைத்து வருவதும், திரும்பி வரும் பணத்தை அடுத்த கூரைக்குக் கொடுப்பதும்தான் வேலை. பல பசுமை வங்கிகள் அரசு சார்ந்தவை. சில இலாப நோக்கற்றவை. சிங்கப்பூரில் இந்தப் பணியின் பெரும்பகுதி வங்கி என்ற பெயரே இல்லாத ஓர் ஆணைபெற்ற கழகத்தின் வழியாக நடக்கிறது. தீவின் வடமேற்கிலுள்ள சுவா சூ காங் நகரின் அடுக்குமாடிக் கூரைகளை வைத்து அதைப் புரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 2011இல் தொடங்கிய பசுமை வங்கி அந்நாட்டில் மாநில அளவில் முதலாவது. அதற்கு முன்பே, 2009இல், இலாப நோக்கற்ற அமைப்பாக உருவானது ‘மிச்சிகன் சேவ்ஸ்’. வீட்டுக்காரர்களுக்கு அது நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. இழப்பீட்டு ஒதுக்கு நிதி ஒன்றை வைத்திருக்கிறது. கடன் திரும்பி வராவிட்டால் இழப்பில் ஒரு பங்கை அந்த நிதி ஈடுசெய்யும் என்பதால், கூட்டுறவுக் கடன் சங்கங்கள் குறைந்த வட்டிக்கும் நீண்ட தவணைக்கும் கடன் தருகின்றன. பிரிட்டன் 2012இல் தொடங்கிய பசுமை முதலீட்டு வங்கியை 2017இல் மெக்குவாரி குழுமத்துக்கு விற்றது. 2024 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இத்தகைய இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு 20 பில்லியன் டாலர் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஆட்சி மாறிய நிலையில் அதே அமைப்பு அந்த மானியங்களை ரத்து செய்ய, வழக்குகள் எழுந்தன. பொதுப் பணத்தை நம்பி நிற்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு.

தமிழர் அறிந்த நிலப்பரப்பில் இலங்கையின் அனுபவம் இன்னும் நெருக்கமானது. உலக வங்கி ஆதரவுடன் 1997 முதல் 2002 வரை அங்கு நடந்த எரிசக்தித் திட்டத்தில், சர்வோதய இயக்கத்தின் நிதிப் பிரிவான ‘சீட்ஸ்’ கிராம வீடுகளுக்குச் சூரியத் தகடு வாங்கக் கடன் கொடுத்தது. அந்தத் திட்டக் காலத்தில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வகை அமைப்புகளைப் பெற்றன. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி, சொந்தச் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 2006இல் 350 கிலோவாட் காற்றாலையை வாங்கி, மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்றுக் கடனை அடைத்தது.

சுவா சூ காங்கின் நிலை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பீர், மிளகுத் தோட்டங்களும், பின்னர் கிராமங்களும் பண்ணைகளும் இருந்த இந்தப் பகுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதுநகர் எழுந்தது. 1990இல் பெருவிரைவு ரயில் வந்தது. இங்கு பெரும்பாலான வீடுகள் வீவக வீடுகளே. வீடு குடியிருப்பாளருடையது, கூரையோ பொதுவானது. ஆகவே கூரையில் தகடு பதிக்க ஒரு குடும்பம் கடன் வாங்கும் கேள்வி எழுவதில்லை. முடிவெடுப்பவை வீவகவும் குடியிருப்பின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றமும்தான்.

வீவக 2008இல் சிராங்கூன் நார்த், வெலிங்டன் சர்க்கிள் ஆகிய இரு குடியிருப்புகளில் சூரியத் தகடுகளைச் சோதித்தது. 2011இல் பொங்கோலில் குத்தகை முறை தொடங்கியது. ஏறத்தாழ 2 மெகாவாட் உச்சத்திறன் கொண்ட அந்தப் பணியை சன்சீப் நிறுவனம் பெற்றது. தொடக்கச் செலவில் ஒரு பகுதியை வீவக மானியமாகத் தந்தது. தகடு விலை இறங்க இறங்க மானியத்தின் தேவையும் குறைந்தது. பசுமை வங்கி செய்ய வேண்டியதும் இதுவே: முதல் கட்டத்தில் தோள் கொடுத்து, சந்தை நடக்கத் தொடங்கியதும் விலகிக்கொள்வது.

வீவகவும் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் 2014இல் தொடங்கிய ‘சோலார்நோவா’ திட்டம் இந்தக் குத்தகை முறையை நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது. ஒரு புளோக்கின் கூரைக்காக எந்த நிறுவனமும் ஒப்பந்தம், பொறியியல் ஆய்வு, வங்கிக் கடன் என்று அலையாது. பல நகர மன்றங்களின் நூற்றுக்கணக்கான கூரைகளையும் அரசு அமைப்புகளின் கட்டடங்களையும் ஒரே ஏலக் குத்தகையாகக் கட்டிக் கொடுக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. 2015இல் வழங்கப்பட்ட முதல் குத்தகை 76 மெகாவாட் உச்சத்திறனுக்கானது, எட்டாவது குத்தகை 200 மெகாவாட்டுக்கானது. இரண்டையும் வென்றது சன்சீப்தான். இடையில் அது போர்ச்சுகலின் ஈடிபி குழுமத்தின் கைக்குச் சென்றிருந்தது. 2030க்குள் தன் கூரைகளில் 540 மெகாவாட் உச்சத்திறன் என்பது வீவகவின் இலக்கு.

குத்தகையின் இயக்கம் எளிது. தகடுகளை வாங்குவதும் பொருத்துவதும் இருபது ஆண்டுக்கும் மேலாகப் பராமரிப்பதும் நிறுவனத்தின் செலவு. நகர மன்றம் முதலீடு எதுவும் போடுவதில்லை. கூரையில் விளையும் மின்சாரத்தை, சில்லறைக் கட்டணத்தை மிஞ்சாத சலுகை விலையில் வாங்கிக்கொள்கிறது. பகலில் மின்தூக்கிகள், நீரேற்று இயந்திரங்கள், பொது இடங்களின் தேவைகள் அதில் இயங்குகின்றன. மிஞ்சுவது மின்கட்டமைப்புக்குப் போகிறது. நீண்ட கால வாங்குநர் உறுதியாக இருப்பதால், அந்த ஒப்பந்தத்தைக் காட்டி நிறுவனம் வங்கியில் கடன் பெற முடிகிறது. மிச்சிகனில் ஒதுக்கு நிதி தரும் நம்பிக்கையை இங்கு ஒப்பந்தமே தருகிறது.

தலைக்கு மேல் தகடு இருந்தும் தம் வீட்டு மின்கட்டணம் ஏன் குறையவில்லை எனக் குடியிருப்பாளர் கேட்கும் கேள்விக்கும் இதில்தான் விடை. அந்த மின்சாரம் பொதுச் சேவைகளுக்கானது. மிச்சமாகும் பணம் நகர மன்றத்தின் கணக்கில் சேர்ந்து, சேவை, பராமரிப்புக் கட்டணம் ஏறும் அழுத்தத்தைத் தணிக்கிறது. இந்தப் பயன் கண்ணுக்குத் தெரிவதில்லை. எவ்வளவு மின்சாரம் விளைந்தது, எவ்வளவு மிச்சமானது என்பதை ஒவ்வொரு புளோக்கின் அறிவிப்புப் பலகையிலும் போடுவது குடியிருப்பாளருக்குச் செய்ய வேண்டிய மரியாதை. இன்னொன்றும் உண்டு: தகடு நிறுவனத்துடையது என்பதால் ஆபத்தும் அதனுடையது, இலாபத்தின் பெரும்பங்கும் அதனுடையது. இலாப நோக்கற்ற நிதி அமைப்பு ஒன்று நகர மன்றத்துக்குக் கடன் தந்து தகடுகளை அம்மன்றத்தின் சொந்தமாக்கினால், கடன் அடைந்த பிறகு வரும் ஆண்டுகளின் விளைச்சல் முழுவதும் நகரத்துக்கே சேரும். கூடவே பழுதுபார்க்கும் பொறுப்பும் வரும்.

நிதித் திரட்டலிலும் வீவக இறங்கியது. 2022 மார்ச்சில் 1 பில்லியன் வெள்ளிக்குத் தன் முதல் பசுமைப் பத்திரத்தை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அரசாங்கம் 2.4 பில்லியன் வெள்ளிக்கு ஐம்பது ஆண்டுப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இத்தகைய பத்திரங்களை வாங்கும்போது, பசுமை வங்கி தேடித் திரட்டும் அதே பொறுமையான பணம் வந்து சேர்கிறது.

கூரை போதாத இடத்தில் நீர்ப்பரப்பு கைகொடுத்தது. 2021 ஜூலையில் திறக்கப்பட்ட தெங்கே நீர்த்தேக்க மிதவைச் சூரியப் பண்ணையை செம்ப்கார்ப் நிறுவனம் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்காக அமைத்தது. 60 மெகாவாட் உச்சத்திறன், 122,000 தகடுகள், ஏறத்தாழ 45 ஹெக்டர். அதன் விளைச்சல் சிங்கப்பூரின் ஐந்து நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் மின்தேவைக்கு ஈடானது. அவற்றுள் சுவா சூ காங் நீர் ஆலையும் ஒன்று. இதுவும் நீண்ட கால ஒப்பந்தத்தின் மேல் நிற்பதே.

சிங்கப்பூர் நாணய ஆணையம் 2023 டிசம்பரில் அறிவித்த ‘ஃபாஸ்ட்-பி’ என்னும் கூட்டுநிதி, பொதுப் பணத்தை முன்னே வைத்துத் தனியார் பணத்தை வரவழைக்கும் பசுமை வங்கிக் கொள்கையையே பின்பற்றுகிறது. 5 பில்லியன் அமெரிக்க டாலர் வரை திரட்டும் அதன் நோக்கம் ஆசியா முழுவதற்குமானது.

சுவா சூ காங்கில் இந்த ஏற்பாடுகளுக்கு வெளியே நிற்பவை தனியார் கூட்டுரிமை வீடுகளும் தரை வீடுகளும் சிறு தொழிற்கூடங்களும். உபரி மின்சாரத்துக்கு ஈடாகக் கட்டணத்தில் கழிவு பெறும் வசதி அவற்றின் உரிமையாளர்களுக்கு உண்டு. தனியார் நிறுவனங்களின் குத்தகையும் கிடைக்கும். ஆனால் அவர்களுடைய கூரைகளைச் சேர்த்து ஒரே ஏலமாக்கித் தர வீவக போன்ற ஓர் அமைப்பு இல்லை. ஒவ்வொரு கூட்டுரிமை நிர்வாகக் கழகமும் தனியாகப் பேரம் பேசி, உரிமையாளர்களின் ஒப்புதலைத் திரட்ட வேண்டியிருக்கிறது. பத்துப் பதினைந்து கழகங்களை ஒன்றாகச் சேர்த்து, தொடக்க ஆய்வுக்குப் பணம் போட்டு, கடனுக்கு உத்தரவாதம் தரும் சிறிய இலாப நோக்கற்ற நிதி அமைப்புக்கு இந்த நகரில் உண்மையான வேலை இங்குதான் இருக்கிறது.