கரப்பானின் முகவரி

குழந்தையின் கன்னம் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டி, இரவெல்லாம் சொறிய வைக்கும் நோய்க்குத் தமிழில் கரப்பான் என்று பெயர். அந்தப் பெயரோடு சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றும் ஒட்டிக்கொண்டே வரும். கத்தரிக்காய், கருவாடு, சோளம், கம்பு. இவற்றைக் 'கரப்பான் பண்டம்' என்றே சொல்வார்கள். நோயின் பெயரையே உணவுக்கும் வைத்துவிட்டால், எதனால் வந்தது என்ற கேள்விக்கு அப்புறம் இடமே இல்லை.

எக்சிமா என்ற சொல்லும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. கிரேக்கத்தில் அதற்குக் 'கொதித்துப் பொங்குவது' என்று பொருள். ஆறாம் நூற்றாண்டில் அமிதா நகரத்து மருத்துவர் ஏடியஸ் இந்தச் சொல்லை எழுதிவைத்தார். அமிதா இன்று துருக்கியில் இருக்கும் தியார்பக்கிர். உள்ளே ஏதோ கொதிக்கிறது, தோல் வழியாக வழிகிறது என்பதுதான் படிமம். நம்ம ஊரில் 'உடம்புச் சூடு', 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்பதும் கிட்டத்தட்ட அதேதான். தோலில் தெரியும் நோய்க்கு உடம்புக்குள்ளே முகவரி தேடுவது எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது.

இந்த வரலாற்றுக்குள் நான் போனதற்குக் காரணம் என் மகள். எட்டாவது மாதத்தில் அவளுக்குக் கரப்பான் வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைப் பார்த்துவிட்டு என் மனைவியின் பக்கம்தான் திரும்பினார்கள். "என்னம்மா சாப்பிட்ட? பால் குடுக்கிறவ வாயக் கட்டணும்ல." மீனும் முட்டையும் முதலில் போயின, பிறகு கத்தரிக்காய், பிறகு வேர்க்கடலைச் சட்னி. ஒரு மாதத்தில் அவள் தட்டில் மிஞ்சியது ரசமும் சோறும்தான். குழந்தையின் முழங்கை மடிப்பு அப்படியேதான் இருந்தது. அந்த மாதம் முழுக்க என்னிடம் ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

தாய்ப்பாலைக் குற்றவாளியாக்குவது தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமான வழக்கமில்லை. ஐரோப்பிய மருத்துவர்கள் குழந்தையின் தலையிலும் முகத்திலும் வரும் இந்தப் புண்ணைப் 'பால் பொருக்கு' என்று லத்தீனில் அழைத்தார்கள். கெட்ட நீர் வெளியேறும் வடிகால் அது, மருந்து போட்டு அடைத்தால் நோய் நுரையீரலுக்கோ மூளைக்கோ போய்விடும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நம்பியவர்கள் உண்டு. "கரப்பான அமுக்கினா இழுப்பா மாறிடும்" என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. கரப்பான் வந்த குழந்தைகளில் பலருக்குப் பின்னால் ஆஸ்துமா வருவது உண்மை. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்பதை அவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். முதலாவதை அடக்கியதால்தான் இரண்டாவது வந்தது என்று எடுத்த முடிவுதான் தவறு. சாஃப்ட்வேர் வேலையில் தினமும் பார்க்கிற குழப்பம் இது. லாகில் முன்னால் இருக்கும் வரி, பின்னால் வரும் பிழைக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இந்த நம்பிக்கையை முதலில் பலமாக அசைத்தவர் ஃபெர்டினாண்ட் ஃபொன் ஹெப்ரா. வியன்னா பொது மருத்துவமனையில் யாரும் விரும்பாத சொறிசிரங்கு வார்டு இளம் மருத்துவரான அவரிடம் வந்தது. சிரங்கும் கெட்ட ரத்தத்தின் வேலை என்று சொல்லப்பட்ட காலம். ஹெப்ரா சிரங்குப் பூச்சியைத் தன் உடம்பிலேயே விட்டுப் பார்த்தார், சிரங்கு வந்தது. ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பூச்சியைக் கொன்றால் போதும் என்று 1844இல் எழுதினார். எக்சிமாவுக்கும் இதே வழிதான். நேர்வாள எண்ணெயைத் தோலில் தடவி, சிவப்பு, கொப்புளம், கசிவு, பொருக்கு என்று அதன் படிகள் எல்லாவற்றையும் வெளியிலிருந்தே உண்டாக்கிக் காட்டினார். அப்படியானால் சிகிச்சையும் வெளியிலிருந்து செய்யலாம், அடக்கினால் உள்ளே போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் அவர் பெயரால் புகழ்பெற்ற களிம்பு ஈயம் கலந்தது. சரியான திசையில் போகிறவர் கையிலும் எப்போதும் சரியான மருந்து இருப்பதில்லை.

அரை நூற்றாண்டு கழித்து ஊசல் மறுபடி உள்ளே திரும்பியது. 1892இல் பாரிஸ் மருத்துவர் எர்னெஸ்ட் பெஸ்னியே ஒன்றைக் கவனித்தார். தீராத அரிப்பு உள்ளவர்களின் குடும்பங்களிலேயே ஆஸ்துமாவும் மூக்கொழுகலும் சேர்ந்து வந்தன. 1923இல் அமெரிக்காவில் ஆர்தர் கோகாவும் ராபர்ட் குக்கும் இப்படிக் குடும்பவழி வரும் ஒவ்வாமைக்கு 'அடோபி' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மூலத்தில் அதற்கு 'இடம் பொருந்தாதது', 'விசித்திரமானது' என்று பொருள். எங்கே வைப்பதென்று தெரியாத நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. 1933இல் ஃப்ரெட் வைஸும் மரியன் சல்ஸ்பெர்கரும் எக்சிமாவையும் அதில் சேர்த்து 'அடோபிக் டெர்மடைடிஸ்' என்றார்கள்.

ஒவ்வாமை என்றதும் எல்லோர் கண்ணும் மீண்டும் தட்டுக்குப் போனது. 1998இல் பிரிட்டன் அரசு, ஒவ்வாமை உள்ள குடும்பங்களின் தாய்மார்கள் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் வேர்க்கடலையைத் தவிர்க்கலாம் என்று சொன்னது. 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்றது. என் மனைவியின் தட்டிலிருந்து சட்னி காணாமல் போனதற்கு முன்பே லண்டனிலும் நியூயார்க்கிலும் காணாமல் போயிருந்தது.

2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர் ஃபிலக்ரின் என்ற புரதத்தின் மரபணுவை ஆராய்ந்தார்கள். தோலின் மேலடுக்கு ஒரு சுவர் மாதிரி: செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்பு சாந்து. செங்கலை இறுக்குவதும், பிறகு உடைந்து தோலில் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் ஃபிலக்ரின். ஐரோப்பியர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்கு இந்த மரபணுவின் ஒரு பிரதி பழுது. அவர்களுக்கு எக்சிமா வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். சுவரில் விரிசல் விழுந்தால் உள்ளிருக்கும் ஈரம் போகும், வெளியே இருப்பது உள்ளே வரும். ஒவ்வாமை அதற்குப் பிறகு வந்ததாகவும் இருக்கலாம்.

இந்த மரபணுப் பழுதின் அடையாளங்களை வாசித்துக்கொண்டிருந்தபோது என் காலைப் பார்த்தேன். மார்கழி வந்தால் முழங்காலுக்குக் கீழே மீன் செதில்போல் வெடிக்கும் தோல். உள்ளங்கையில் வழக்கத்தைவிட அதிகமான ரேகைகள். சின்ன வயதில் இழுப்பு வேறு. இதெல்லாம் எனக்குப் பரிசோதனை செய்யப்பட்ட முடிவு இல்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மரபணு வருகிறது. "உனக்குத் தோல் எப்படிப்பா?" என்று என்னையும் ஒருவர் கேட்டிருக்கலாம்.

உணவுக்குத் திரும்புவோம். பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இஸ்ரேல் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று 2008இல் கண்டார்கள். இஸ்ரேல் குழந்தைகள் தவழும் வயதிலேயே வேர்க்கடலைப் பண்டம் தின்கிறார்கள். இந்த ஆய்வில் இருந்த லண்டன் மருத்துவர் கிடியன் லாக், வாய் வழியாக வருவதை உடம்பு பொறுத்துக்கொள்ளப் பழகுகிறது, விரிசல் விட்ட தோல் வழியாக வருவதை எதிரியாக நினைக்கிறது என்று வாதிட்டார். கடுமையான எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு வேர்க்கடலை கொடுத்தார்கள், மறு பகுதிக்குக் கொடுக்கவில்லை. முடிவு 2015இல் வந்தது. தொடக்கப் பரிசோதனையில் வேர்க்கடலைக்கு எதிர்வினை இல்லாத குழந்தைகளில், தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்தினருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை, தின்றவர்களில் 1.9 சதவீதத்தினருக்கு மட்டுமே. காப்பாற்றுவதற்காகச் சொன்ன பத்தியமே நோயைப் பெருக்கியிருந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சோதனை செய்ய வேண்டாம். கடுமையான கரப்பான் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.)

ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பைப் பயன்படுத்திய 2000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை வந்ததும் இதே பாதைதான். வெடித்த தோலில் கடலை மாவும் பயத்தமாவும் தேய்த்துக் குளிப்பாட்டும் நம் வழக்கத்தை இதற்குப் பிறகு என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

அதற்காகச் சுவர் ஒன்றே பதில் என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 1394 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், பிறந்ததிலிருந்து ஓராண்டு தினமும் ஈரப்பசைக் களிம்பு தடவியும் எக்சிமா வருவது குறையவில்லை என்று 2020இல் தெரிந்தது. வந்த கரப்பானை அடக்கிவைக்கக் களிம்பு உதவுகிறது, வராமல் தடுக்க உதவவில்லை. உள்ளேயும் வெளியேயும் சேர்ந்தே நடக்கிற விஷயம் இது. ஆனால் அம்மா தின்ற கத்தரிக்காய் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

மருந்துப் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1952இல் அதே சல்ஸ்பெர்கர், விக்டர் விட்டனோடு சேர்ந்து ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு எக்சிமாவை அடக்குவதைக் காட்டினார். அதற்குப் பிறகு அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ளவை வந்தன. இந்தியாவில் அவை முகம் வெளுக்கவும் படைக்கும் கடைகளில் சீட்டில்லாமல் விற்றன, முகத்தோல் மெலிந்து சிவந்தவர்கள் மருத்துவர்களிடம் வந்தார்கள். 2018இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு கட்டாயமான பட்டியலில் அரசு சேர்த்தது. இதில் ஒரு முரண் இருக்கிறது. பெரியவர்கள் தொடை இடுக்குப் படைக்கு வீரியமான டியூபைக் கேட்காமல் வாங்கிப் பூசும் அதே வீட்டில்தான், குழந்தைக்கு மருத்துவர் எழுதிய மிதமான களிம்பு "ஐயோ ஸ்டீராய்டா" என்று பிரிக்கப்படாமலே கிடக்கிறது.

'மெல்லிசாகத் தடவவும்' என்று மட்டும் சொன்னால், பயந்தவர்கள் தடவாமலே விட்டுவிடுவார்கள். எவ்வளவு மெல்லிசு? 1991இல் லாங், ஃபின்லே என்ற பிரிட்டிஷ் மருத்துவர்கள் இதற்கு ஓர் அளவு சொன்னார்கள். பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு பெரிய கைகள் மூடும் அளவு தோலுக்கு அது போதும்.

எங்கள் வீட்டில் இது இப்போது என் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷக் குளியல், நுரை பொங்காத சோப்பு, தேய்க்காமல் ஒற்றி எடுத்தல், ஈரம் காய்வதற்குள் உடம்பெல்லாம் ஈரப்பசைக் களிம்பு. சிவந்திருந்தால் மட்டும், மருத்துவர் சொன்ன நாள்வரை, விரல் நுனி அளந்து மருந்து. பக்கத்து அறையில் என் மனைவி மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.